ஒட்டினால்தான் மிதக்கும்!

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் படிச்ச ‘நுரை மிதப்பு முறை’ ஞாபகம் இருக்கா பாஸ்? தாதுவை மாவா அரைக்கணும், தண்ணியில் கலக்கணும், பைன் ஆயில் விட்டுக் காத்தை ஊதணும். தாது நுரையோடு மேலே வரும், மண்ணு அடியில் தங்கும். அஞ்சு மார்க் ஓவர்! அந்தப் பதிலில் ‘சேகரிப்பான்’னு ஒருத்தர் சைலன்ட்டா உட்கார்ந்திருப்பாரே... இந்த வாரம் அவரைத்தான் பார்க்கப்போறோம்.

அவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? இன்னிக்கு உலகத்தில் வெட்டி எடுக்கிற தாமிரத் தாதுவில் பெரும்பாலும் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ தாமிரம்கூடத் தேறாது. அந்தத் துளியைப் பிரிச்சு எடுத்தால்தான் உங்க செல்போன் சார்ஜருக்கு வயர். பிரிக்கத் தவறினால், அந்த உலோகம் கழிவுக் குட்டைக்குப் போய்ச் சேரும்.

சல்ஃபைடு தாதுக்களுக்கு ரொம்பப் பிரபலமான சேகரிப்பான், சாந்தேட். 1925-ல் கார்னீலியஸ் கெல்லர் இதை மிதப்பு முறைக்குப் பயன்படுத்த அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அதன் தலையில் ரெண்டு கந்தக அணுக்கள், பின்னால் ஒரு ஹைட்ரோகார்பன் வால். தலை தாதுவில் ஒட்டிக்கும், வால் தண்ணியைப் பார்த்து முகம் திருப்பிக்கும். அப்புறம் என்ன, தாமரை இலைத் தண்ணீர் கதைதான்! தண்ணி ஒட்டாத துகள், காற்றுக் குமிழியைப் பிடிச்சுக்கிட்டு மேலே ஏறிடும்.

‘அட, இவ்வளவுதானா?’ன்னு கிளம்பிடாதீங்க. தலை ஏன் ஒட்டணும்? அங்கேதான் ட்விஸ்ட். ஆக்சிஜனைச் சுத்தமா நீக்கிட்ட தண்ணியில் கலீனாவையும் சாந்தேட்டையும் போட்டால், கலீனா சரியா மிதக்காது. கொஞ்சம் ஆக்சிஜன் வந்தால்தான் காரியம் நடக்கும். இது ஏன்னு விஞ்ஞானிகள் பல வருஷம் மல்லுக்கட்டினாங்க. 1950-களில் சலாமி, நிக்சன் ரெண்டு பேரும் சொன்ன பதில், ட்ரிபிள்-ஈ பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு தாதுத் துகளும் ஒரு குட்டி பேட்டரி!

கலீனா, பைரைட் எல்லாம் மின்சாரம் கடத்தும் தாதுக்கள். துகளின் ஒரு பக்கத்தில் சாந்தேட் எலெக்ட்ரானைக் கொடுக்கும். அது தாது வழியா ஓடி, இன்னொரு பக்கத்தில் ஆக்சிஜன் கைக்குப் போகும். கணக்கு முடிஞ்சதும், கலீனா மேல் ஈய சாந்தேட் படியும். பைரைட் மேலயோ ரெண்டு சாந்தேட் ஜோடி சேர்ந்து, டைசாந்தோஜென் என்ற எண்ணெய் மாதிரிப் படலமா மாறும். ஆள் ஒருத்தர்தான், கெட்டப் வேற வேற! அதுக்காக ஆக்சிஜனை அள்ளி விடவும் கூடாது. தாது ரொம்ப ஆக்சிஜனேற்றம் ஆனால் மிதப்பு கெட்டுப்போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே!

துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட் மட்டும் வீம்பு பிடிக்கும். அதில் மின்சாரம் சரியா ஓடாது. துத்தநாக சாந்தேட்டும் தண்ணியில் சுலபமா கரைஞ்சுடும். அதுக்கு வைத்தியம், நம்ம மயில்துத்தம். தாமிர அயனிகள் மேற்பரப்பில் ஏறி, துத்தநாக அயனிகளைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்துக்கும். இப்போ அந்தத் துகள், சாந்தேட் கண்ணுக்குத் தாமிரத் தாது மாதிரியே தெரியும். உடனே ஃப்ரெண்ட் ஆகிடும்!

ராஜஸ்தானின் ராம்புரா ஆகுச்சா மாதிரி ஈயமும் துத்தநாகமும் கலந்து கிடைக்கிற சுரங்கங்களுக்கு இந்த வித்தைதான் சோறு போடுது. வழக்கமா முதல் ரவுண்டில் ஸ்பேலரைட்டை அடக்கி வெச்சுட்டு, கலீனாவை மட்டும் மிதக்கவிடுவாங்க. அடுத்த ரவுண்டில் மயில்துத்தம் போட்டு ஸ்பேலரைட்டை எழுப்புவாங்க. வரிசை தப்பினால் ஈயமும் துத்தநாகமும் ஒண்ணாவே மேலே வந்து, பிரிச்சதே வீணாகிடும்.

சாந்தேட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அமிலத்தில் பட்டால் சிதைஞ்சு கார்பன் டைசல்ஃபைடைக் கக்கும். விஷம், சட்டுனு தீப்பிடிக்கவும் செய்யும். அதனால்தான் ஆலையில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையைக் காப்பாத்துறது ரெட்டை லாபம். சாந்தேட்டும் பத்திரம், வேண்டாத பைரைட்டும் அடங்கிக் கிடக்கும்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், ‘சேகரிப்பான் தாதுவை நீர்விலக்கி ஆக்கும்’னு எழுதி முடிக்கும்போது ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்துங்க. ‘எலெக்ட்ரானை வாங்கினது யாரு?’ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்விக்குள்ளே கெமிஸ்ட்ரியும் இருக்கு, கரன்ட்டும் இருக்கு, நாளைக்கு உங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட்டும் இருக்கலாம்!