வெந்நீரும் விழிப்பும்

ஒரு தலைமுறைக்கு முன் வெந்நீர் என்பது நம் வீடுகளில் அடுப்பின் காரியமாக இருந்தது. கொல்லையில் செங்கல் அடுப்பு, அதன்மேல் அண்டா. வசதியுள்ள வீடுகளில் நடுவே கரி எரியும் செம்புப் பாய்லர். தீ கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அஞ்ச வேண்டியதற்கு அஞ்சினோம். இன்று அந்த அண்டா குளியலறைச் சுவரில் ஏறி, வெள்ளைப் பெட்டியாகிக் கீசர் என்று பெயர் பெற்றுவிட்டது. தீ மறைந்தது, அச்சமும் மறைந்தது. ஆபத்து மட்டும் மறையவில்லை.

நான் இங்கே வலியுறுத்த விரும்புவது ஒன்றே. கீசரைப் பழுதுபார்ப்பது தொழில் தெரிந்தவர் வேலை. ஆனால் பழுது எது, காவல் எது என்று பிரித்தறிவது வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் கடமை. இந்த அறிவு இல்லாமையால் பல வீடுகளில் பழுது அப்படியே இருக்கக் காவல் கழற்றப்படுகிறது. அதற்கு 'ரிப்பேர்' என்று பெயரிட்டுக் கூலியும் கொடுக்கிறோம்.

பெட்டிக்குள் இருப்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒரு தொட்டி, அதனுள் நீரைச் சூடாக்கும் காயில், வேண்டிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட், அது தவறினால் சுற்றையே துண்டிக்கும் கட்-அவுட், அழுத்தம் மிஞ்சினால் நீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு, தன்னையே அரிக்கக் கொடுத்துத் தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியத் தண்டு, மின்கசிவை மண்ணுக்கு அனுப்பும் எர்த் கம்பி. இவற்றில் நீரைச் சூடாக்குவது காயில் ஒன்றே. மற்றவை பெரும்பாலும் காவலர்கள். இத்தனை உறுப்புகள் காவலுக்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்றால், அந்தக் காவல் எவ்வளவு தேவையானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

முதல் புகார், "தண்ணீர் சூடாகவே இல்லை" என்பது. இதற்குக் காரணம் மூன்று நான்குதான். மின்சாரம் வந்து சேரவில்லை. அல்லது காயில் அறுந்தது. அல்லது தெர்மோஸ்டாட் கெட்டது. அல்லது கட்-அவுட் துண்டித்திருக்கிறது. மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு, காயிலின் கம்பிகளைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். 230 வோல்ட்டில் 2000 வாட் காயிலின் மின்தடை, ஓம் விதிப்படி ஏறத்தாழ 26 ஓம். முள் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்தது என்று பொருள். காயில் நன்றாயிருந்து கட்-அவுட் துண்டித்திருந்தால், 'ஏன் துண்டித்தது?' என்பதே அடுத்த கேள்வி. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதோ, தொட்டியில் நீர் இல்லாமல் காயில் காய்ந்ததோ காரணமாகலாம். ஆனால் நடப்பது என்ன? கட்-அவுட்டின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, "சார், இனி ஓடும்" என்கிறார்கள். ஓடத்தான் செய்யும், நிறுத்துவார் இல்லாமல் ஓடும்.

இரண்டாம் புகார், "சூடாக நெடுநேரம் ஆகிறது" என்பது. உடனே காயிலை மாற்றச் சொல்வார்கள். சற்றுப் பொறுத்துக் கணக்குப் பார்க்கலாம். 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 2205 கிலோஜூல் வேண்டும். 2 கிலோவாட் காயில் அதை 18 நிமிடத்தில் தரும். மாலை நேரத்தில் மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால், திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், 2000 வாட் ஏறத்தாழ 1225 வாட்டாகிவிடும். 18 நிமிடம் 30 நிமிடமாகும். காயில்மேல் குற்றமில்லை, புதுக் காயில் வாங்கினாலும் அதே 30 நிமிடம்தான். நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்த விதி, குளியலறையில் பணத்தை மிச்சப்படுத்தும் விதியாகிறது.

மூன்றாவது, கீசருக்குள் கேட்கும் கடகடவென்ற ஓசை. நம் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல ஊர்களில் உப்பு மிகுந்தது. அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் சுண்ணமாகிக் காயில்மேல் படிகிறது. படிவு தடித்தால் வெப்பம் நீருக்குள் எளிதில் இறங்காது. காயில் தானே மிகையாகக் காய்ந்து ஒருநாள் அறுந்துபோகும். ஆண்டுக்கொரு முறை தொட்டியைக் காலி செய்து, காயிலைக் கழற்றித் துடைத்து, மக்னீசியத் தண்டு மெலிந்திருந்தால் மாற்றிவிட்டால் போதும். தண்டின் விலைக்கு அஞ்சித் தொட்டியைத் துருப்பிடிக்க விடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதைதான். தொட்டியின் உடம்பே அரித்து ஒழுகத் தொடங்கினால் எந்தப் பசையும் அதைக் காக்காது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: வால்வு சொட்டுவது. நீர் சூடேறினால் விரியும். 15 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் செல்கையில் ஏறத்தாழ 200 மில்லி மிகும். ஒரு தம்ளர் என்று கொள்ளுங்கள். உள்ளே வரும் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால் அந்த மிகுதி திரும்பிச் செல்ல வழியில்லை. பாதுகாப்பு வால்வு வழியே சொட்டும். ஆகவே சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது பழுது அன்று. வால்வு உயிரோடிருக்கிறது என்பதற்கு அடையாளம். குளிர்ந்த பின்னும் ஓயாமல் ஒழுகினால், வாயில் உப்புத் துகள் சிக்கியிருக்கலாம். அல்லது பம்பு அழுத்தம் மிகுதியாக இருக்கலாம். அப்போது வால்வை மாற்ற வேண்டும். ஒருபோதும் அடைக்கக் கூடாது. ஒரு வீட்டில் அந்த வாயில் மரக்குச்சியைச் சீவிச் செருகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். "தரை ஈரமாகிறது" என்றார்கள். தெர்மோஸ்டாட்டும் தவறும் நாளில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக வழியின்றி உள்ளே அடங்கிக் கிடக்கும். தொட்டி பிளந்தால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1600 மடங்கு விரியும். ஈரத் தரைக்கு அஞ்சி வெடிகுண்டை வீட்டில் வைப்பது அறிவுடைமை ஆகுமா?

ஐந்தாவது, குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பது. "லேசான ஷாக்தான்" என்று சொல்லிச் செருப்புப் போட்டுக் குளிப்பவர்கள் உண்டு. ஈர உடம்புக்கு லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது. காயிலின் உறை வெடித்து மின்சாரம் நீருக்குள் கசிவதே பெரும்பாலும் காரணம். அந்த நொடியே சுவிட்சை அணைக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மீண்டும் போடக் கூடாது. பிளக்கின் தடித்த முளை எர்த்துக்கு உரியது. சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை ஒடிப்பவர்கள் உயிர்க்கயிற்றையே அறுக்கிறார்கள். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டு கருகாமல் என்ன செய்யும்? அதற்கு உரியது 16 ஆம்பியர் சாக்கெட்டு. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் குளியலறை இணைப்புக்கு இன்றியமையாதது.

எரிவாயுக் கீசருக்கும் இதே நீதிதான். அங்கே காவலன் காற்று. குளிர் வருகிறதென்று குளியலறைச் சாளரத்தை அட்டையால் அடைத்தால், முற்றும் எரியாத வாயு கார்பன் மோனாக்சைடாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்தக் கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைப்பதே முறை.

இவ்வளவுக்கும் மெக்கானிக்கைக் குறை கூறி ஒதுங்கிவிட முடியாது. "பார்ட் அப்புறம் பார்த்துக்கலாம், இன்றைக்கு எப்படியாவது ஓட வையுங்கள்" என்று அவசரப்படுத்துவது யார்? நாம்தான். வால்வு வாங்கப் பணம் கேட்டால் ஏமாற்றுகிறார் என்கிறோம். குச்சி செருகிக் கொடுத்தால் கெட்டிக்காரர் என்கிறோம். நேர்மையாகப் பழுதுபார்ப்பவரை நம் அறியாமையே தோற்கடிக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தணிக்கும் வழிக்குச் செல்லச் சொல்கிறது. நோய்க்கு மருத்துவரிடம் "என்ன காரணம்?" என்று கேட்கும் நாம், கீசருக்கும் அதே கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். அடுத்த முகாமில் வீடுதோறும் சென்று மூன்றே மூன்றைப் பார்த்து வருவோம் என்பது என் வேண்டுகோள். வால்வின் வாய் திறந்திருக்கிறதா? பிளக்கில் மூன்று முளையும் இருக்கின்றனவா? ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா? இதற்குத் திருப்புளி வேண்டாம், பணம் வேண்டாம்; கண்ணும் கவனமும் போதும். இயற்பியல் மாணவர் என்றில்லை, தமிழ் இலக்கியம் பயிலும் மாணவரும் செய்யலாம். நாம் கற்ற கல்வி ஊராரின் குளியலறை வரை சென்று ஓர் உயிரைக் காத்தால், அதைவிடச் சிறந்த பட்டம் வேறு எது?