ஆயாவுக்கு ஒரு நியமனக் கடிதம்

2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி ஆலைத் தொழிலாளர் சங்கங்களும் முதலாளிகளின் சபைகளும் தத்தம் அபிப்பிராயங்களை உரக்கச் சொல்லி வருகையில், மறதி நோயாளரைப் பராமரிக்கும் நம் துறையின் குரல் போதிய அளவு கேட்கவில்லை. அச்சட்டங்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்னும் எண்ணம் இந்த மௌனத்துக்குக் காரணமாயின், அது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் இவ்வுரையை எழுதத் தூண்டுகிறது.

வரவேற்க வேண்டியவற்றை முதலில் வரவேற்போம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு விதிக்கிறது. குறித்த காலத்துக்கு அமர்த்தப்பட்டவருக்கும் ஓராண்டு நிறைந்தால் பணிக்கொடை உண்டு என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கூறுகிறது. ஆயினும், தொழில் உறவுத் தொகுப்பின் விளக்கப் பிரிவை நிதானமாக வாசிப்போர், தர்ம ஸ்தாபனங்களும் வீட்டு வேலையும் அதன் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பதைக் காண்பர். இலாபம் கருதாமை ஒன்றே விலக்குக்குப் போதிய காரணம் ஆகாது என்று 1978-இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்து வகுத்த நெறி, இவ்விரு வரிகளில் கரைந்துபோயிற்று. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்போ, பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தையே ஸ்தாபனமாகக் கணக்கில் கொள்கிறது. தர்ம ஸ்தாபனம், குடும்பத்தார் வீடு, ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் சிறு இல்லம் ஆகிய மூன்றையும் கழித்துவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கில் மறதி நோயாளரைப் பேணும் இடமென்று எஞ்சுவது எது?

ஊழியரின் ஈடுபாட்டையும் குழுவாக இயங்கும் பண்பையும் பற்றி நம் கருத்தரங்குகளில் ஓயாது பேசுகிறோம். அவை எதை ஆதாரமாகக் கொண்டு நிற்கின்றன என்று மட்டும் கேட்பதில்லை. கூடலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரை உதாரணமாக எண்ணிப் பார்ப்போம். ஜூன் மாதத்தில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டால் இரவென்றும் பகலென்றும் பாராமல் மடை பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். மறதி நோயுற்று இப்போது இல்லமொன்றில் இருக்கும் அவர், பொழுது சாய்ந்ததும் எழுந்து கதவை உலுக்குகிறார். எட்டு மாதமாய் உடனிருக்கும் ஆயா, தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டையும் கையில் ஒரு களைக்கொட்டையும் கொடுத்துக் கொல்லைக்கு அழைத்துப்போய், தென்னை மூட்டில் குழாய்த் தண்ணீருக்கு வாய்க்கால் கீற விடுகிறாள். கால் மணி நேரத்தில் மனிதர் சாந்தமாகச் சோற்றுக்கு வந்து உட்காருகிறார். அவள் வேலையை விட்டு நின்ற மறுநாள் ஏஜென்சி அனுப்பிய புதுப் பெண்ணுக்கு இது தெரியாது. கதவை மறிக்கிறாள், அவர் தள்ளிவிடுகிறார், கேஸ் ஷீட்டில் "முரட்டுத்தனம்" என்று பதிவாகிறது, நைட் டூட்டி நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்ய, குவெட்டியாபின் என்னும் மனநோய் மருந்து ஆரம்பமாகிறது, மூன்றாம் நாள் மயக்க நடையில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. இத்தகைய மருந்துகள் மறதி நோயுற்ற முதியோரின் மரண அபாயத்தை, போலி மருந்து பெற்றோரைவிட 1.6 முதல் 1.7 மடங்காக்குகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரித்ததை நம் வாசகர் அறிவர். இங்கே கடமை தவறியவர் எவருமில்லை. குழுவின் ஞாபகமே பஸ் ஏறிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அவ்வாயாவுக்குத் தெரிந்தது எந்தக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. ஏனெனில் ஷிஃப்ட் மாறும்போது எழுதுபவர் நர்ஸ், வாரக் கூட்டத்தில் பேசுபவர் டாக்டர், ஆயாவோ அந்நேரம் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பாள். குழு என்று நாம் பெருமையோடு சொல்வதில், நோயாளியோடு மிகுதியான நேரம் இருப்பவளுக்கே ஆசனமில்லை. பிறகு அவள் நிலைப்பதில்லை என்று குறை கூறுகிறோம்.

ஏன் நிலைக்க வேண்டும்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்து மாலையில் திரும்பும் பெண்களும், நம் இல்லங்களில் முதியவரின் கழிவைச் சுத்தம் செய்யும் பெண்களும் பெரும்பாலும் ஒரே தெருவினர், சமயத்தில் ஒரே பெண்ணும்கூட. காய் எடுப்பு தொடங்கியதும் நம் ஊழியர் பட்டியல் மெலிவதை இப்பகுதி நிர்வாகிகள் நன்கறிவர். தோட்டத் தொழிலாளருக்கென்று 1951-லேயே தனிச் சட்டம் பிறந்தது. பின்னர் அதில் ஏலமும் சேர்ந்தது. நடைமுறையில் எத்தனை ஓட்டை இருப்பினும், அவள் தொழிலாளி என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஏலக்காய் பறிக்கும் கைக்குக் கிடைத்த அந்த அங்கீகாரம், அறிவு மங்கிய மனிதருக்குச் சோறூட்டும் அதே கைக்கு ஏன் மறுக்கப்படுகிறது?

அதிகாரிகள் இக்கேள்விக்கு விடையளிப்பதில்லை. பாராட்டுப் பத்திரம் அளிக்கிறார்கள். ஆண்டுதோறும் உலக மறதி நோய் தினமான செப்டம்பர் 21 வந்தால் ஊர்வலம் உண்டு, பதாகை உண்டு, பராமரிப்பாளரின் தியாகத்தைப் போற்றும் பிரசங்கமும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டு முதல் வீடு வீடாக ஏறி இறங்கும் மகளிருக்கும் தன்னார்வலர் என்றே பெயர், ஊக்கத்தொகைதான் ஊதியம். இல்லங்களைச் சோதிக்க வருவோர் கட்டிலை எண்ணுகிறார்கள், தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்க்கிறார்கள். இந்த ஆயா இங்கே எத்தனை மாதமாக இருக்கிறாள் என்று வினவுவோர் அரிது. ஏர்வாடி மனநோயாளர் இல்லத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 உயிர்கள் தீயில் மாண்ட பின்னரே சங்கிலியைக் கண்டு பதறிய ஆட்சி முறை இது. ஆள் போதாத இரவில் முதியவரின் கையைக் கட்டிலோடு பிணைக்கும் துண்டைக் காண, அதற்கு இன்னும் எந்த விபத்து நேர வேண்டுமோ?

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழி ஒன்று உண்டு. ஞாபகத்தையும் திசையுணர்வையும் பாதிக்கும் கோளாறுகளை மனநோய் என்னும் இலக்கணத்துள் அடக்கிய 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், இல்லங்களின் பதிவுக்குரிய தரங்களை வகுக்கையில் ஊழியரின் தகுதியையும் பதிவேடுகளையும் நிபந்தனையாக்க 65-ஆம் பிரிவில் இடமளிக்கிறது. நியமனக் கடிதம், ஆயாவும் வரி எழுதும் கைமாற்றுக் குறிப்பேடு, அவளும் அமரும் வாரக் கூட்டம் ஆகிய மூன்றையும் அந்நிபந்தனைகளில் சேர்க்க வேண்டுமென்பது இவ்விதழின் நிலைப்பாடு. எழுத அறியாதவள் சொல்ல, நர்ஸ் எழுதட்டும். தர்ம ஸ்தாபனம் என்னும் விலக்கு நமக்குக் கிடைத்த சலுகையெனக் கருதி மகிழும் நிர்வாகிகள், அச்சலுகையின் விலையை நோயாளியே செலுத்துகிறார் என்பதை உணர்ந்து, விலக்கை நாடாமல் தாமாகவே கடிதம் வழங்கத் தொடங்குவாராக. குழு உணர்வு பற்றிய பயிற்சி வகுப்புகளை அதன் பிறகு நடத்திக்கொள்ளலாம்.