ஏட்டுச் சுரைக்காய் கார்கள்

கார் கண்காட்சி என்றாலே ஒரு காட்சி தவறாமல் நடக்கும். மேடையில் புகை வரும், திரை விலகும், உள்ளே ஒரு கார் சுழன்றுகொண்டிருக்கும். கதவு றெக்கை மாதிரி மேலே திறக்கும். பக்கக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. சக்கரமோ மாட்டுவண்டிச் சக்கரம் சைஸில்! மறுநாள் எல்லாப் பேப்பரிலும் படம். அப்புறம்? பெரும்பாலும் அப்புறம் ஒன்றுமே இல்லை.

இதைத்தான் 'கான்செப்ட் கார்' என்கிறார்கள். கனவு காண்பது தப்பா என்று உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள். தப்பே இல்லை. ஆனால் கனவு காண்பது வேறு, கனவுக்கு அட்வான்ஸ் வாங்குவது வேறு. பிரச்சினை அந்த இரண்டாவதில்தான்.

கொஞ்சம் பழைய கதை. 1938-ல் ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் தலைவர் ஹார்லி ஏர்ல் 'ப்யூக் ஒய்-ஜாப்' என்ற காரைச் செய்தார். முதல் கான்செப்ட் கார் என்று பெரும்பாலோர் சொல்வது இதைத்தான். உள்ளே ஒளிந்துகொள்ளும் ஹெட்லைட், மோட்டாரில் இறங்கும் ஜன்னல் கண்ணாடி எல்லாம் அப்போதே அதில் இருந்தன. விற்பனைக்கு வரவில்லை, ஏர்லே அதை வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார். அதே கம்பெனி 1953 ஜனவரியில் நியூயார்க்கில் கார்வெட்டைக் காட்டியது. ஜூன் மாதமே உற்பத்தி தொடங்கி, அந்த வருடத்திலேயே 300 கார்கள் செய்தது. ஒன்று கனவு, இன்னொன்று சரக்கு. இரண்டுமே யாரையும் ஏமாற்றவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 2018 பிப்ரவரி, கிரேட்டர் நொய்டா ஆட்டோ எக்ஸ்போ. டாடா 'எச்5எக்ஸ்' என்று ஒரு கான்செப்டைக் காட்டியது. அடுத்த ஜனவரியில் அது ஹாரியராக ரோட்டுக்கு வந்தபோது, பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. சபாஷ்! அதே கண்காட்சியில் மாருதி காட்டிய 'ஃபியூச்சர்-எஸ்' பெரிய சக்கரங்களோடு வாட்டசாட்டமாக நின்றது. அதன் வழியில் 2019 செப்டம்பரில் வந்த எஸ்-பிரெஸ்ஸோவுக்கு 13, 14 அங்குலச் சக்கரங்கள்; வாட்டசாட்டம் போய் ஒல்லிப்பிச்சான் உருவம். பெண் பார்க்கப் போனபோது காட்டியது ஒருத்தியை, மணமேடையில் உட்கார வைத்தது இன்னொருத்தியை என்கிற கதைதான்.

"எந்தக் கார் வரும், எந்தக் கார் வராது என்று கம்பெனிக்கே தெரியாதே?" என்று சப்பைக்கட்டு கட்டுவார்கள். தெரியும் சார்! இண்ட் ஏஎஸ் 38 என்ற கணக்கியல் தரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆராய்ச்சிக்குச் செய்த செலவை அந்த வருடக் கணக்கிலேயே செலவாக எழுதிவிட வேண்டும். மேம்பாட்டுச் செலவைச் சொத்தாகக் காட்ட வேண்டுமானால், பொருளைச் செய்து முடிக்க முடியும், முடிக்கும் எண்ணம் இருக்கிறது, அதற்கான பணமும் வழியும் இருக்கின்றன என்றெல்லாம் நிரூபித்தாக வேண்டும். ஆக, எது வெறும் ஆராய்ச்சி, எது வரப்போகும் சரக்கு என்று உள்ளே பிரித்து எழுதாமல் தப்பிக்க முடியாது. ஆடிட்டருக்குச் சொல்வதை ஜனங்களுக்குச் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

பிசினஸ் லா படித்த எல்லோருக்கும் ஒரு கேஸ் ஞாபகம் இருக்கும். கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி. எங்கள் சாமானை முறைப்படி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்ட் தருகிறோம் என்று விளம்பரம். திருமதி கார்லிலுக்குக் காய்ச்சல் வந்தது, பணத்தைக் கேட்டார். "அது சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது" என்று கைவிரித்தது கம்பெனி. 1892-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1,000 பவுண்ட் பாங்கில் போட்டு வைத்திருப்பதாக விளம்பரத்திலேயே சொன்னாயே, அப்புறம் எப்படி அது வெறும் பேச்சாகும் என்று கேட்டது.

அங்கே பாங்கில் பணம் போட்டவன் விற்பவன். இங்கே வாங்குபவனைப் போடச் சொல்கிறார்கள்!

டெஸ்லா 2017 நவம்பரில் புதிய ரோட்ஸ்டரின் முன்மாதிரியைக் காட்டி, 2020-ல் வரும் என்றது. முன்பதிவுக்கு 50,000 டாலர். முதல் 1,000 சிறப்புக் கார்களுக்கு முழு விலை 2,50,000 டாலர் முன்கூட்டியே. 2025 முடியும்வரை ஒரு கார்கூட வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை. 2016-ல் மாடல் 3 முன்மாதிரியைக் காட்டியபோது இந்தியர்களும் 1,000 டாலர் கட்டினார்கள். அமெரிக்காவில் அடுத்த வருடமே கார் கிடைத்தது. மும்பையில் முதல் ஷோரூம் திறந்தது 2025 ஜூலையில். விற்பனைக்கு வைத்திருந்ததோ மாடல் ஒய்!

"கேட்டால் திருப்பித் தருகிறார்களே" என்பது அடுத்த பதில். வட்டியோடா? பல வருடம் வட்டியில்லாமல் கிடைக்கும் பணத்துக்கு வியாபாரத்தில் என்ன பெயர்? இலவசக் கடன். போதாக்குறைக்கு, அட்வான்ஸ் கட்டியவன் வேறு கம்பெனி காரைத் தேடிப் போகமாட்டான். இல்லாத காரைக் காட்டி, இருக்கும் காரின் விற்பனையைக் கெடுக்கிற வித்தை இது.

ஃபிளாட் விஷயத்திலும் ஒரு காலத்தில் இதே கூத்துதான் நடந்தது. பளபளப்பான படத்தைக் காட்டிப் பணம் வாங்கினார்கள்; கட்டடம் மட்டும் எழும்பவில்லை. 2016-ல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனி பாங்க் கணக்கில் போட வேண்டும். சொன்ன தேதியில் வீட்டைக் கொடுக்காவிட்டால் வட்டி தர வேண்டும். படத்தில் இருக்கும் வீட்டுக்குப் பொருந்துகிற நியாயம் மேடையில் சுழலும் காருக்குப் பொருந்தாதா?

கேட்பது இரண்டே இரண்டுதான். ஒன்று, கான்செப்ட் காரின் பக்கத்தில் ஒரு பலகை: 'விற்பனைக்கு வரும்', 'வராது', 'முடிவாகவில்லை'. இரண்டு, உற்பத்தி தொடங்கும்வரை வாங்கும் அட்வான்ஸ் தனிக் கணக்கில் இருக்கட்டும். சொன்ன தேதி தவறினால் வட்டியோடு திரும்பட்டும்.

இதனால் புதுமை செத்துவிடாது. ஒய்-ஜாப் மாதிரி ஆயிரம் கனவுக் கார் செய்து காட்டுங்கள், ஜனங்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், கை தட்டுவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தராசில் வைத்து நிறுத்துக் காசு கேட்காதீர்கள், அவ்வளவுதான்.