பல்கனியில் என்ன வளரும், என்ன வளராது



போன வாரம் எங்கள் பல்கனிப் படத்தைப் போட்டதும் பழைய மாணவர் ஒருவர், "ஸேர், எல்லாரும் இப்படிச் செய்தா மரக்கறி விலையைப் பத்தி யாரும் பேச வேண்டி வராதே" என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதினார். ஆனால் எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

மொனராகலை டவுனில், கடைக்கு மேலே வாடகை வீடு. பத்தடி நீளம், மூன்றடி அகலம், அவ்வளவுதான் பல்கனி. 2022 இல்தான் நட ஆரம்பித்தோம். அந்த ஜூன் மாதம் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு அறிவித்தது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பயத்தில் நாங்களும் தக்காளி, கத்தரி, வெண்டி எல்லாம் நட்டோம். காலை பத்து மணிக்குப் பிறகு எங்கள் பக்கம் வெயில் இல்லை. காய்க்கிற செடிக்கு ஆறு மணித்தியால வெயிலாவது வேண்டும். அந்த வருடம் கிடைத்தது ஏழு தக்காளி. பிள்ளைகள் எண்ணி வைத்திருக்கிறார்கள்!

பிறகுதான் புத்தி வந்தது. இலைக்கு அவ்வளவு வெயில் தேவையில்லை. ரம்பை, சேரை, புதினா, வல்லாரை, முகுணுவென்ன இப்போது நன்றாக வருகின்றன. வெயில் படுகிற ஒரே மூலையில் கறிவேப்பிலையும் இரண்டு கொச்சிச் செடியும். முகுணுவென்னைக்கு விதைகூட வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் முற்றின தண்டை ஊன்றினால் போதும். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். நோன்புக் கஞ்சிக்கு ரம்பை வாங்கி மூன்று வருடமாகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே தண்ணீர்ப் பாடு தெரியும்தானே. வுழூ செய்கிற தண்ணீரைப் பேசினில் பிடித்து ஊற்றுகிறோம். சவர்க்காரம் இல்லாத தண்ணீர், செடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சாடிக்குக் கீழே தட்டு வைப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்புக்கு அந்தத் தண்ணீரே போதும். பாரத்தையும் பாருங்கள். 20 லீற்றர் வாளி ஈரமண்ணோடு 25 கிலோவைத் தாண்டும். நாங்கள் பாதிக்குத் தும்புத்தூள் கலக்கிறோம். வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் வைத்தோம்.

ஆக, பல்கனி ஒரு குடும்பத்துக்குக் கறிக்கு வாசம் தரும், கிழமையில் இரண்டு நாள் ஒரு சுண்டல் தரும். சோறு தராது, போஞ்சியும் கரட்டும் தராது. அவை வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மண்ணில் நிற்பவர்களிடமிருந்து வருகின்றன. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திருப்பி எடுத்தார்களே, அதில் இடிந்தது அவர்கள் விளைச்சல். எத்தனை பல்கனி சேர்ந்தாலும் அதை நிரப்ப முடிந்திருக்குமா?

எங்கள் ஊவாவில் 'தோட்டம்' என்றாலே லயங்கள் இருக்கிற தோட்டம்தான். அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டுத்தோட்டப் பாடம் நடத்தும்போது எங்களுக்கு வெட்கமாக இருக்கும். லயத்துக்குப் பக்கத்துத் துண்டில் போஞ்சி போடுவதை அவர்கள் தாத்தா காலத்திலேயே அறிந்தவர்கள். அந்தத் துண்டுக்கு உறுதி இல்லாததுதான் அவர்கள் பிரச்சினை. "நீங்களே நட்டுச் சாப்பிடுங்கள்" என்று அதிகாரத்தில் உள்ளவர்கள் சொன்னால், நடக் காணி எங்கே என்று நாங்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

முகுணுவென்னத் தண்டு வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு வாருங்கள். பை ஒன்றைக் கொண்டு வாருங்கள்.