கறுத்த எண்ணெயின் மீது சுமத்தப்பட்ட பழி

எஞ்சின் ஆயில் கறுத்துவிட்டால் அது கெட்டுவிட்டது, உடனே மாற்றியாக வேண்டும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டில் இருசக்கர வண்டி ஓட்டுவோரிடமும் அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்ட ஒன்று. இதன் உடன்பிறப்புகளாக, 2000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றாத வண்டி சீக்கிரமே படுத்துவிடும் என்ற அச்சமும், விலை கூடிய ஆயிலே எஞ்சினின் ஆயுளைக் கூட்டும் என்ற எண்ணமும் நடமாடுகின்றன. டிப் ஸ்டிக்கை உருவி, அதன் முனையில் ஒட்டிய எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பார்த்து, 'தண்ணியாப் போச்சு' என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. கண்ணுக்குத் தெரியும் நிறம், விரலுக்குத் தட்டுப்படும் கெட்டித்தன்மை ஆகிய இரண்டுமே இத்தீர்ப்புக்குச் சான்றுகள். இரண்டும் எண்ணெயின் உண்மை நிலையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாதவை.

டப்பாவில் இருப்பது ஒரே பொருள் அன்று. அதன் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்தெடுத்த அடிப்படை எண்ணெய். எஞ்சியவை அதற்கு இயல்பாக இல்லாத குணங்களைத் தருவதற்காகக் கலக்கப்படும் சேர்க்கைப் பொருள்கள். இவற்றுள் அழுக்கு நீக்கிகள் எனப்படும் கால்சியம், மக்னீசியம் சேர்மங்கள், பிஸ்டனிலும் அதன் ரிங்குகளிலும் கரி படியவிடாமல் தடுப்பதோடு, பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அமிலங்களையும் நடுநிலையாக்குகின்றன. மற்றொரு வகைப் பொருள்கள், ரிங்குகளின் இடுக்கு வழியே கீழிறங்கும் எரிந்த வாயுவில் உள்ள நுண்ணிய கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளவிடாமல் தனித்தனியே சூழ்ந்துகொண்டு எண்ணெயிலேயே மிதக்கவைக்கின்றன. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் டீசல் எஞ்சின்களில் ரிங்குகள் கரியேறி இறுகிப்போன சிக்கலுக்குத் தீர்வாகவே 1930களில் அழுக்கு நீக்கி கலந்த எண்ணெய்கள் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன்பு எஞ்சினின் உட்சுவரில் தங்கிய கரி இப்போது எண்ணெயில் மிதக்கிறது. எண்ணெய் கறுக்கும் காரணம் பெரும்பாலும் இவ்வளவே. துணி ஊறிய சோப்புத் தண்ணீர் கலங்கியதற்காகச் சோப்பை எவரும் குறை சொல்வதில்லை. டீசல் லாரியின் எண்ணெய் சில நூறு கிலோமீட்டரிலேயே மை போலாகிவிடும். நிறமே அளவுகோல் என்றால் நாமக்கல்லில் இருந்து புறப்படும் லாரி ஒவ்வொன்றும் போய்ச் சேரும் ஊரில் எண்ணெய் மாற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

விரல் சோதனை இதைவிடப் பலவீனமானது. எண்ணெயின் கெட்டித்தன்மையை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் அதன் பாகுநிலையை, எஸ்ஏஇ என்னும் பொறியாளர் சங்கத்தின் தரவரிசை இரண்டு எண்களால் குறிக்கிறது. 20டபிள்யூ-40 என்பதில் பின்னால் வரும் 40, எண்ணெய் 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரையிலான பாகுநிலையில் இருக்கும் என்பதைக் காட்டுகிறது. முன்னால் உள்ள டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 20டபிள்யூ எண்ணெயில் எஞ்சின் சுழலுமா என்பதை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியிலும், 10டபிள்யூ எண்ணெயில் 25 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். உதகையின் உறைபனிக் காலைகூட இந்தக் குளிரை எட்டுவதில்லை என்பது வேறு விஷயம். எண்ணெயின் உழைப்பு 100 டிகிரியிலும் அதற்கு மேலும் நடக்கிறது. விரலோ முப்பத்தைந்து டிகிரியில் இருக்கிறது. இவ்விரண்டு வெப்பநிலைகளுக்கும் நடுவே 40 தர எண்ணெயின் பாகுநிலை பல மடங்கு குறைந்துவிடுவதால், ஒன்றைத் தொட்டு மற்றொன்றை ஊகிக்க வழியில்லை. 20டபிள்யூ-40க்குப் பழகிய விரல், 10டபிள்யூ-30 எண்ணெயைப் புதிய டப்பாவிலிருந்து எடுத்துத் தேய்த்தாலும் தண்ணீர் என்றே தீர்ப்பளிக்கும். பைக்குகளில் கியர்களும் இதே எண்ணெயில் மூழ்கி ஓடுவதால், சூட்டில் எண்ணெய் அளவுக்கு மீறி இளகிவிடாமல் காக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பற்சக்கரங்களுக்கிடையே நசுங்கி அறுபடுவதும், அதனால் பாகுநிலை ஓரளவு குறைவதும் உண்மையே. ஆனால் அந்தத் தேய்மானத்தையும் கணக்கில் கொண்டே வண்டி நிறுவனத்தின் கையேடு எண்ணெய் மாற்றும் தவணையைக் குறிக்கிறது.

அப்படியானால் எண்ணெய் எதனால் கெடுகிறது? சூட்டில் காற்றோடு வினைபுரிந்து ஆக்சிஜனேற்றம் அடைவதாலும், அமிலங்களை எதிர்கொள்ளும் கார இருப்பு தீர்ந்துபோவதாலும், எரியாத பெட்ரோலும் ஈரமும் உள்ளே சேர்வதாலும் கெடுகிறது. இவற்றுள் பெட்ரோலும் ஈரமும் சேர்வது ஓடிய தொலைவைவிட ஓட்டும் முறையைப் பொறுத்தது. காலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள கடைக்கும் மாலையில் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் ஸ்கூட்டரில், எண்ணெய் நன்றாகச் சூடேறும் முன்பே எஞ்சின் அணைக்கப்படுவதால், உள்ளே திரளும் நீர் ஆவியாகி வெளியேற வாய்ப்பில்லாமல் தங்கிவிடுகிறது. கையேடுகள் கிலோமீட்டரோடு மாதக் கணக்கையும் சேர்த்து, எது முந்தியோ அதன்படி மாற்றச் சொல்வது இதனால்தான். நிறத்தை நம்புபவர் இங்கே எதிர்த்திசையிலும் ஏமாறுகிறார்: இரண்டு ஆண்டுகளில் 1500 கிலோமீட்டரே ஓடிய வண்டியின் எண்ணெய் தேன் நிறத்திலேயே இருப்பதைக் கண்டு, மாற்ற வேண்டியதை மாற்றாமல் விடுகிறார். நிறம் ஒரே ஒரு செய்தியைத்தான் நம்பகமாகச் சொல்லும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது.

பட்டறைகளின் நம்பிக்கை முழுவதும் கற்பனையில் பிறந்ததன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டுதான் நிறுத்தப்பட்டது. எரிந்து அமிலமாக மாறும் கந்தகம், பாரத் ஸ்டேஜ் 3 பெட்ரோலில் பத்து லட்சத்துக்கு 150 பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 அதை 10 பங்காகக் குறைத்துவிட்டது. சோக் இழுத்துக் கிளப்பும் கார்புரேட்டர் வண்டிகளில் குளிர்ந்த எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் இறங்கி எண்ணெயில் கலந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை இப்போது அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டது. எரிபொருளும் எஞ்சினும் எண்ணெயும் மூன்றும் மாறிய பிறகும் அந்தக் காலத்துத் தவணை மட்டும் மாறாமல் நிற்பதற்கு, அடிக்கடி மாற்றினால் விற்பவருக்கு ஆதாயம் என்பதைத் தவிர வேறு காரணம் காண்பது கடினம்.

இதே மூடநம்பிக்கை அமெரிக்காவில் 3000 மைல், அதாவது ஏறத்தாழ 4800 கிலோமீட்டர், என்ற எண்ணாக வேரூன்றியிருந்தது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் நியூயார்க்கின் 75 டாக்சிகளில் புதுப்பித்த எஞ்சின்களைப் பொருத்தி, சிலவற்றில் 3000 மைலுக்கும் சிலவற்றில் 6000 மைலுக்கும் எண்ணெய் மாற்றி, 60,000 மைல் ஓடிய பின் பிரித்து அளந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டது. தவணையாலோ எண்ணெயின் பிராண்டாலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தேய்மானத்தில் காணப்படவில்லை. நாளெல்லாம் ஓடும் டாக்சியின் எஞ்சின் ஆறுவதே இல்லை என்பதால், மேலே சொன்ன கடைத்தெரு ஸ்கூட்டருக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது; நாள்தோறும் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு இது பெருமளவு பொருந்தும். பல 100 சிசி வண்டிகளின் கையேடு 6000 கிலோமீட்டரையும், ராயல் என்ஃபீல்டின் இன்றைய 350 சிசி எஞ்சின்களுக்கான கையேடு 10,000 கிலோமீட்டரையும் குறிக்கின்றன. ஒரு லிட்டர் எண்ணெய் கொள்ளும், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 2000க்கு ஒருமுறை மாற்றினால் ஆறு லிட்டரும், 6000க்கு ஒருமுறை மாற்றினால் இரண்டு லிட்டரும் செலவாகும். லிட்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1600 ரூபாய் வீணாகச் சாக்கடைக்கோ பழைய எண்ணெய் வியாபாரிக்கோ போகிறது. புது வண்டியின் முதல் சர்வீஸ் மட்டும் இதற்கு விலக்கு; புதிய பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் உலோகத் துகள்களை வெளியேற்ற அந்த முதல் மாற்றம் தேவை.

விலை பற்றிய நம்பிக்கையும் இதேபோல் ஆட்டம் காண்பதுதான். சென்னை மணலியில் உள்ள சிபிசிஎல் ஆலையைப் போன்ற சில சுத்திகரிப்பு ஆலைகளே நாட்டில் அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கின்றன. சேர்க்கைப் பொருள்களின் உலகச் சந்தையோ லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட் ஆகிய நான்கு நிறுவனங்களின் கையில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே டப்பாவின் முன்புறத்தில் உள்ள பந்தய வீரரின் படத்தைவிடப் பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துகளுக்கே மதிப்பு அதிகம். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ குறியீட்டில் எஸ்எல் 2001ஐயும் எஸ்என் 2010ஐயும் எஸ்பி 2020ஐயும் சேர்ந்தவை. பெட்ரோல் எஞ்சினுக்குப் பிந்திய எழுத்து பொதுவாக முந்தியதற்கும் ஈடாகும். ஜப்பானியத் தரமான ஜாசோவில் எம்ஏ, எம்ஏ2 என்பவை கிளட்ச்சும் எண்ணெயில் நனைந்தபடி ஓடும் கியர் வண்டிகளுக்கும், எம்பி என்பது கிளட்ச் தனியே உலர்ந்திருக்கும் ஸ்கூட்டர்களுக்கும் உரியவை. விலை உயர்ந்த கார் எண்ணெயைப் பாசத்தோடு பைக்கில் ஊற்றுபவர், அதிலுள்ள உராய்வுக் குறைப்பான்களால் கிளட்ச் பிடிமானமின்றி வழுக்குவதைச் சில வாரங்களில் காண நேரிடலாம். கையேட்டில் கண்ட பாகுநிலையும் ஏபிஐ, ஜாசோ எழுத்துகளும் பொருந்தினால், காற்றால் குளிரும் சாதாரண வண்டிக்கு மலிவான மினரல் எண்ணெயே போதும். சிந்தெட்டிக் எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுப்பது, கையேடு அதைக் கேட்கும்போதுதான் பொருளுடையது.

நிறத்தின் மீதுள்ள இந்த மோகம் மறைத்துவிடும் பெரிய ஆபத்து எண்ணெயின் அளவு. ஏறத்தாழ ஒரு லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு எஞ்சினில், தேய்ந்த ரிங் வழியே கால் லிட்டர் எரிந்துபோனாலும் மீதியின் மீது விழும் சூடும் சுமையும் வெகுவாகக் கூடுகின்றன. எஞ்சினை இறுகிப் பிடிக்கச் செய்வது கறுத்த எண்ணெயைவிடப் பெரும்பாலும் குறைந்த எண்ணெயே. ஆனால் டிப் ஸ்டிக்கை உருவுபவர் அதன் இரு கோடுகளுக்கிடையே எண்ணெய் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, நிறத்தைப் பார்த்து முகம் சுளித்துவிடுகிறார்.

மலிவான எண்ணெயில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது போலிதான். பட்டறைகளில் வடித்தெடுத்த பழைய எண்ணெயை அமிலமும் களிமண்ணும் கொண்டு வெளுத்தால் கரி நீங்கி, அது மீண்டும் தேன் நிறம் பெறுகிறது. சேர்க்கைப் பொருள்கள் தீர்ந்துபோன அந்த எண்ணெய், பெயர்பெற்ற பிராண்டின் காலி டப்பாவில் ஏறி, பாதி விலைக்குத் திரும்பிவருகிறது. இந்த வியாபாரத்துக்கு நிறத்தை நம்பும் வாடிக்கையாளரே மூலதனம். எண்ணெய் மாற்றி முடிந்ததும் காலி டப்பாவைக் கேட்டு வாங்கி, அதன் வயிற்றில் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போகும் வாடிக்கையாளரைப் பட்டறைப் பையன் விநோதமாகப் பார்க்கக்கூடும்.