சிறைக் கதவைத் திறக்கும் சட்டம்

மதுரையிலிருந்து மேலூருக்குச் செல்லும் பெருவழியில், யானைமலையின் அடியில் அமைந்துள்ள ஊர் ஒத்தக்கடை. அதன் அருகே சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதற்குமுன், தம் மகன் முறையின்றிச் சிறைவைக்கப்பட்டான் என்று உயர்நீதிமன்றத்தில் முறையிட விரும்பிய தென்மாவட்டத்து ஏழைத்தாய் சென்னை வரை செல்ல வேண்டியிருந்தது. அவள் தரும் அம்முறையீட்டிற்கு ஆட்கொணர்வு மனு என்பது பெயர்.

அம்மனுவை ஏற்கும் நீதிமன்றம், "அடைத்து வைக்கப்பட்டவரை எம்முன் கொணர்க; அடைத்த காரணத்தைக் கூறுக" என்று ஆணையிடும். காரணம் சட்டத்திற்கு ஒவ்வாததாயின் அவர் விடுதலை பெறுவார். சிறைப்பட்டவரே மனுச்செய்ய வேண்டுவதில்லை; உற்றாரோ நண்பரோ அவர்பொருட்டு முறையிடலாம்.

இத்தகைய சட்டம் இல்லாத காலத்து நிலையைச் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை காட்டுகிறது. திருத்தங்காலில் வாழ்ந்த வார்த்திகன் என்பவனின் மகன், பரிசாகப் பெற்ற அணிகலன்களை அணிந்திருந்தான். அதனைக் கண்டு பொறாமை கொண்ட அரச ஊழியர், வார்த்திகன் அரசுக்குரிய புதையலைக் கவர்ந்தான் எனப் பழிசுமத்திச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது அரற்றினாள். கொற்றவை கோயிலின் கதவு திறவாது நின்றது. அதன் காரணத்தை ஆராய்ந்த பாண்டியன், உண்மையறிந்து அவனை விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் அளித்துப் பிழை பொறுக்குமாறு வேண்டினான். வார்த்திகன் உய்ந்தான். ஆனால் ஆராயாது கொலையுண்ட கோவலனுக்கு எக்கதவும் அடைபட்டு உதவவில்லை. குடிகளின் உரிமை, மன்னனின் மனத்தையோ தெய்வத்தின் அருளையோ மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பது இதனால் விளங்கும்.

இங்கிலாந்தில் 1215ஆம் ஆண்டு சான் மன்னர் ஏற்ற மகாசாசனம், நாட்டின் சட்டப்படியன்றிச் சுதந்தர மனிதர் எவரையும் சிறைப்படுத்தலாகாது என்றது. 1679ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற ஆட்கொணர்வுச் சட்டம் அவ்வுரிமைக்கு வலிவு தந்தது. ஆயினும் அவ்வாங்கிலேயரே இந்தியாவில் 1919இல் ரௌலட் சட்டத்தைக் கொணர்ந்து, விசாரணையின்றி மக்களைச் சிறைவைக்க வழிசெய்தனர். அத்துன்பத்தை அறிந்தோர் வகுத்த இந்திய அரசியலமைப்பு, 32ஆம் உறுப்பால் உச்சநீதிமன்றத்திற்கும் 226ஆம் உறுப்பால் உயர்நீதிமன்றங்களுக்கும் ஆட்கொணர்வு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை வழங்கியது.

எனினும் சட்டம் ஏட்டில் இருப்பதனாலேயே உரிமை நிலைத்துவிடாது. சென்னை மாநிலத்தில் தடுப்புக்காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் 1950இல் செய்த மனு உச்சநீதிமன்றத்தில் வெற்றி பெறவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், ஐந்து நீதிபதிகளுள் நால்வர், காவலில் உள்ளோர் அக்காலத்தில் ஆட்கொணர்வு கோர இயலாது என்றனர். எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்து நின்றார். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், உயிருக்கும் உடலுரிமைக்குமான 21ஆம் உறுப்பை நெருக்கடியிலும் நிறுத்திவைக்க இயலாதவாறு காத்தது. 2017இல் உச்சநீதிமன்றம் அப்பழைய தீர்ப்பைத் தவறெனத் தள்ளியது.

நாட்டிற்கு இடர் நேருங்கால் ஐயத்திற்குரியோரை உடனே அடைத்தல் வேண்டாவோ என்று சிலர் வினவுவர். ஆட்கொணர்வு ஆணை குற்றவாளியைத் தப்புவிப்பதன்று. அடைத்தவரைக் காரணம் கூறச் செய்வதே அது. தக்க காரணம் உடைய அரசுக்கு அதனைக் கூறுவதில் இழப்பில்லை. காரணம் இல்லாத அரசே அவ்வினாவை அஞ்சும். மேலும், அச்சம் மிகுந்த காலத்திலேதான் குற்றமற்றோரும் எளிதிற் சிறைப்படுவர். மழையில்லா நாளில் மட்டும் விரியும் குடையால் பயன் என்ன?

நாம் விரும்பாத கொள்கையுடையவர்க்கும் இவ்வுரிமை உண்டு. அவருக்கு அதனை மறுக்கும் நாடு, நாளை நமக்கும் மறுக்கும். ஆதலின், அயலார் ஒருவர் காரணமின்றி அடைபடுங்கால், "ஏன்?" என்று கேட்பது குடிமக்கள் அனைவரின் கடமையாகும்.