பிழைப்பு வண்டிக்குக் கேஸ் நிற்காதா?

மரக்காணம் பக்கம் லோடு ஆட்டோக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "சொந்தக் காருக்குத்தான் நுகர்வோர் கோர்ட்டு. பொழப்புக்கு வாங்கின வண்டிக்குக் கேஸ் நிக்காது" என்பார்கள், ஏதோ கண்ணால் படித்த சட்டம் மாதிரி. உப்பளத்தில் மூட்டை ஏற்றித் திண்டிவனம் பக்கம் தெருத்தெருவாக விற்கிறவர், புது வண்டி மூன்றாம் மாதமே மக்கர் செய்தாலும் தவணையைக் கட்டிக்கொண்டு வாய்மூடி இருக்கிறாரே, அது இந்த நம்பிக்கையால்தான். விற்றவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தோடு வாங்குபவரை விலக்கி வைப்பது மெய்தான். ஆனால் அதே பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கி, தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் எந்திரம் வாங்கிய லக்ஷ்மி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995இலேயே, பழைய சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றம் இதை உதாரணத்தோடு சொன்னது. தன் ஆட்டோவைத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். லாரியைத் தானே ஓட்டிப் பிழைப்பவரும் அப்படியே. ஒத்தாசைக்கு ஓரிரு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. வழக்குப் போட்ட நிறுவனம் என்னவோ தோற்றது. அது வாங்கியது வணிகத்துக்கு என்று முடிவானது. நாலு லாரி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டும் முதலாளிக்கும் அதே கதிதான் வரும். முதலாளிக்கு உள்ள தடையை உப்பு விற்கிறவர் ஏன் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

"கடை புதுச்சேரியில இருக்கு, அங்க யார் அலையறது?" என்பது அடுத்த பேச்சு. அலைய வேண்டாம். புதிய சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். மரக்காணத்துக்காரருக்கு அது விழுப்புரம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் புகார்க் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்காமல் தானே வாதாடலாம்.

கடற்கரை ஊர்களுக்கென்றே விற்பனையாளர்கள் ஒரு சாக்கு வைத்திருக்கிறார்கள்: "உப்புக் காத்துங்க, நாங்க என்ன பண்றது?" அடித்தகடு துருப்பிடித்தால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். கியர் பாக்ஸுக்குள் பல் உடைந்ததற்கும் உப்புக் காற்றா காரணம்? குறை எங்கிருந்து வந்தது என்பதில் தகராறு என்றால், ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஷோரூம் மேலாளர் சொல்வதோடு விஷயம் முடிவதில்லை.

சட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பழுதான வண்டி வாங்கியவர்களைக் காக்க 'லெமன் சட்டம்' என்று தனியாகவே இருக்கிறது. நம் ஊரில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. உதிரிபாகத்தை மாற்றினால் சரியாகும் குறைக்கு முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006இல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே புது வண்டி கேட்டுப் போகிறவர் கையில் காகிதம் வேண்டும். கேஸ் நிற்காது என்று நம்புகிறவர் காகிதத்தைச் சேர்ப்பதே இல்லை. சர்வீஸுக்கு விட்டால் ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று கிறுக்கி நீட்டுவார்கள். இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். 'லோடோடு இரண்டாம் கியர் நழுவுகிறது' என்று எழுத வைத்து, தேதியோடு ஒரு நகல் வாங்க வேண்டும். அதே குறைக்காக ஒவ்வொரு முறை பட்டறை ஏறும்போதும் இப்படியே. புகாருக்கான கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு.